மலை செய்த நடுவர்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் கோயில் பங்கில் என்னை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தியதில்லை. முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து டி.சி. எழுதிக் கொடுத்தவள். ஆனாலும் என் குரலைக் கேட்டபிறகு மௌரீன் அக்கா என்று கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை.

இந்தக் கோபத்தை நம்பித்தான் குடில் போட்டியை என் தலையில் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வீட்டிலும் குடில் வைப்பார்கள் அல்லவா, வைக்கோல் கூரையும் மாடும் ஆடும் மாதாவும் சூசையப்பருமாக. நடுவர் ஒருவரைப் பிடித்து, இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் வீடு வீடாகக் கூட்டிப் போய் மார்க் போட வைக்க வேண்டும். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பரிசு அறிவிக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன், இதைவிடப் பள்ளிக்கூட அட்மிஷன் சீசன் எவ்வளவோ மேல். முந்தின கிறிஸ்துமஸில் நடுவரின் மைத்துனர் வீட்டுக்கே முதல் பரிசு போய்விட்டது. ஈஸ்டர் வரைக்கும் இரண்டு தெருக்காரர்கள் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

இந்தத் தடவை பங்கில் சொந்தபந்தமே இல்லாத ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படி ஒருத்தர் கிடைக்கவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்து, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஆகிவிட்டிருந்தார்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ், ஆனேக்கல் பக்கத்துல ஒரு மறைபரப்புச் சபையோட, அதான் மிஷனரிங்களோட, ஹவுஸ் இருக்கு. கிறிஸ்துமஸ் லீவுக்கு அங்க எல்லா பிரதர்சும் வீட்டுக்குப் போறாங்க. வியட்நாம்லேந்து வந்த ஒரு பிரதர் மட்டும் தனியா இருக்காராம். இங்க வந்து இருக்கட்டும்னு சொல்லிட்டேன். தூங்கறது நம்ம பங்கு இல்லத்துல. சாப்பாடு மட்டும் உங்க வீட்ல."

வேறு சமயமாக இருந்தால் நான் என்னென்னவோ கேட்டிருப்பேன். அன்றைக்கு "அனுப்புங்க ஃபாதர்" என்று உடனே சொல்லிவிட்டேன். வியட்நாமிலிருந்து வந்தவருக்கு எங்கள் பங்கில் மைத்துனர் இருக்க வாய்ப்பில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு நடுவர் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வரப்போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று நான் யோசிக்கவே இல்லை.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் பிரதர் துவான் வந்தார். இருபத்துமூன்று வயது. யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டருக்குள் ஒல்லியாக ஒரு பிள்ளை. அவர் பேசுவது இங்கிலீஷ், அதுவும் ஐந்து மாதமாகப் படித்த இங்கிலீஷ். யோசித்து யோசித்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சோறும் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். ரசத்தை டம்ளரில் வாங்கி மூன்று தடவை குடித்தார். அப்பா பைக் மெக்கானிக், ஆறு பிள்ளைகளில் தான் நாலாவது, வட வியட்நாமில் கடலுக்குப் பக்கத்தில் ஊர் என்றெல்லாம் சொன்னார். பதினெட்டு வயதில் சபையில் சேர்ந்தாராம். வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று தெரிந்துதான் சேர்ந்தாராம்.

"இந்தியா பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தவரிடம் வேறு என்ன கேட்பது. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வறுவலைச் சாப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஸ், உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. நான் திரும்பிப் போறேன். எங்க சுப்பீரியருக்கு லெட்டர் குடுத்துட்டேன். ஜனவரி ரெண்டாம் தேதி ஹவுஸ் திறக்கும். அன்னைக்குப் பேசலாம்னு சொல்லியிருக்கார்."

ஏன் என்று கேட்டேன்.

"மறைபரப்புன்னா, எங்கேயோ யாருக்கோ நான் வேணும்னு நெனச்சேன். இங்க யாருக்கும் நான் வேண்டாம். ஞாயித்துக்கெழமை கோயில்ல நிக்க எடம் இல்ல. ஜனங்க என்னைவிட நல்லா ஜெபம் பண்றாங்க. காலையிலேந்து சாயந்தரம் வரைக்கும் நான் கிராமர் படிக்கிறேன். இதுக்கு எங்க வீட்டைவிட்டு வரணுமா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். "ரசம் ஆறிப்போகுது" என்று சொன்னேன்.

மறுநாள் காலை போட்டியின் விதிகளை அவருக்கு விளக்கினேன். நடுவர் யார் என்பது இருபத்துநான்காம் தேதி வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது, நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒன்பது வீடுகள் எவை என்று அவருக்கும் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் யாராவது போய்க் கேக்கைக் கொடுத்து மனதை மாற்றிவிடுவார்களே. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் காலைச் சாப்பாடு முடிந்ததும் பிரதர் காணாமல் போனார். மத்தியானம் சாப்பிட வரும்போது கையெல்லாம் பழுப்பாக இருக்கும். எங்கே போனீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "ஒருத்தருக்கு உதவி பண்றேன்" என்றார். யாராவது வயசானவர் வீட்டில் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்போல, பாவம், பொழுதாவது போகட்டும் என்று விட்டுவிட்டேன். யாருக்கு என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு அந்த வாரம் பிளம் கேக் இருந்தது, குல்குல் பலகாரம் இருந்தது, இன்னும் நூறு வேலை இருந்தது.

நடந்தது என்ன என்று பிற்பாடுதான் மதலைமுத்து சொன்னார்.

மதலைமுத்து பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. மனைவி ஜோவிதா ப்ளவுஸ் தைப்பாள். ஒரே மகள் டீனா. நான்தான் அவளுக்குப் பத்தாம் வகுப்பு டி.சி. எழுதிக் கொடுத்தேன், பிறகு நர்சிங் முடித்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அந்த ஆகஸ்டில் அவளைப் பாப்புவா நியூ கினியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் குடில் வைப்பது எப்போதும் டீனாதான். மடத்தில் சேர்ந்த பிறகும் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து, பேப்பரில் மலை செய்து, வைக்கோல் வேய்ந்து வைத்துவிட்டுப் போவாள். அப்பா வெட்டிக் கொடுப்பதோடு சரி.

இந்த வருடம் டீனா போனில் "அப்பா, குடில் வேலை ஆரம்பிச்சிட்டியா, போட்டிக்குப் பேர் குடுத்திட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் மனது கஷ்டப்படக் கூடாது என்று மனிதர் "பாதி முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டார். ஒன்றும் முடியவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற என்னிடம் வந்து பெயர் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட் என்பதால் காலையில் மாடிப்படி முகப்பில் உட்கார்ந்து காகிதத்தில் மலை செய்யப் பார்த்திருக்கிறார். இரும்பை நூல் பிசகாமல் கடைகிற கைக்குக் காகிதம் வசப்படவில்லை. பசை காய்ந்ததும் மலை படுத்துவிடுமாம்.

பிரதர் துவான் சந்து வழியாகப் போனவர் நின்று பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியேறி வந்து, ஒன்றும் பேசாமல் மதலைமுத்துவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக் கசக்க ஆரம்பித்திருக்கிறார். பிரதர் ஊரில் குடில் என்றால் கூரை போட்ட கொட்டகை கிடையாதாம். குகை. கோயில் வாசலில் ஒரு வீட்டு உயரத்துக்குக் காகிதத்தில் மலை கட்டி, அதற்குள் குகை வைப்பார்களாம். அந்த மலையை வருடாவருடம் கட்டுகிறவர் அவருடைய அப்பா. ஆறு வயதிலிருந்து அப்பாவுக்குக் காகிதம் கசக்கிக் கொடுப்பது துவானின் வேலை.

"முதல் நாளு எனக்கு ஒண்ணும் புரியல மிஸ்" என்றார் மதலைமுத்து. "யாரோ பிரதருன்னு தெரியுது, எந்த ஊருன்னு தெரியல. அவருக்குத் தமிழ் இல்ல, எனக்கு இங்கிலீசு ஃபேக்டரி இங்கிலீசு. அவர் எதையாவது காட்டுவாரு, நான் 'ரஃபிங்' வேணுமா, 'ஃபினிஷிங்' வேணுமான்னு கேப்பேன். அதுலயே வேலை ஓடிடுச்சு. மெஷின் பார்ட்டு சுத்தி வர்ற திக்கான பேப்பரு கம்பெனியில கழிச்சுப் போடுவாங்க, அதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதைப் பாத்ததும் மனுசனுக்கு மொகமே மாறிப்போச்சு."

இப்படியாக, நடுவர் யாரென்று போட்டியாளருக்குத் தெரியாது. போட்டியாளர் யாரென்று நடுவருக்குத் தெரியாது. என் ஏற்பாடு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருந்தது.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முதல் வீடு டிரேவர் வீடு. டிரேவர் நான்கு தடவை முதல் பரிசு வாங்கியவன், அந்த மைத்துனர் விவகாரத்தில் அதிகமாகக் கத்தியவனும் அவன்தான். குடிலுக்காக சோபாவைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு ஹால் முழுக்கப் பெத்லகேமை விரித்திருந்தான். தெர்மகோல் மலையைச் சுற்றி எலெக்ட்ரிக் ரயில் ஓடியது. பெத்லகேமில் ரயில் ஏது என்று நான் வருடாவருடம் கேட்கிறேன். "தட் இஸ் கிரியேட்டிவிட்டி, ஆன்ட்டி" என்று வருடாவருடம் சொல்கிறான். பிரதர் குனிந்து, உட்கார்ந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து மார்க் போட்டார். இவ்வளவு சிரத்தையாக மார்க் போட்ட நடுவரை நான் பார்த்ததில்லை. என் தேர்வு சரி என்று திருப்தியாக இருந்தது.

கடைசி வீடு மதலைமுத்து வீடு. ஏழரை மணிக்குச் சந்துக்குள் நுழைந்ததும் பிரதரின் நடை தளர்ந்ததை நான் கவனித்தேன். படி ஏறும்போது, "மிஸ், இந்த வீடுமா லிஸ்ட்ல இருக்கு?" என்று கேட்டார். "ஆமா, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தச் சின்ன அறையின் ஒரு மூலையில் தரையிலிருந்து மின்விசிறி உயரத்துக்கு மலை. நிஜமாகவே பாறை என்றுதான் நினைத்தேன். மடிப்பு மடிப்பாக, ஈரம் பட்டுக் கறுத்த மாதிரி, அங்கங்கே சுண்ணாம்பு படிந்த மாதிரி. நடுவில் குகை. குகைக்குள் ஒரே ஒரு சின்ன பல்பு. வழக்கமான மாதா, சூசையப்பர் சொரூபங்கள்தான், டீனா சின்ன வயதிலிருந்து வைத்தவை, சூசையப்பருக்கு ஒரு கை கிடையாது. அந்தக் குகைக்குள் அவர்கள் குளிருக்கு ஒதுங்கியவர்களாகவே தெரிந்தார்கள். பதினோரு வருடத்தில் ஒரு குடிலைப் பார்த்து நான் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"வாங்க பிரதரு, வாங்க மிஸ்" என்றார் மதலைமுத்து. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நடுவர் எங்க, வரலியா?" என்றார்.

"இவர்தான் நடுவர்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு பிரதரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிரதரின் கை தானாகவே மலையைச் சுட்டியது. நான்கு நாளாகப் பார்த்த அந்தப் பழுப்புக் கறை எனக்கு அப்போதுதான் விளங்கியது. குடிலை வீட்டார் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும், வெளியாள் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. டிரேவர் ஒரு வருடம் பந்தல்காரரை வைத்துச் செய்ததால் நானே எழுதிய விதி. வெளியாள் நடுவராகவே இருந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. எந்த மடையனும் அப்படி எழுதமாட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோவிதாவின் போன் அடித்தது. திரையில் டீனா. சாம்பல் உடுப்பு, முகம் இளைத்திருந்தது.

"அப்பா, இங்க பன்னெண்டு ஆயிடுச்சு. பாலனை வையி. நான் பாக்கணும்."

அவள் இருக்கும் இடம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதாம். அவளுக்குக் கிறிஸ்துமஸ் பிறந்துவிட்டது. நடுச்சாமத்துக்கு முன்னால் குழந்தை இயேசு சொரூபத்தை வைக்கக் கூடாது என்பதும் போட்டியின் விதி. மதலைமுத்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து பாலனை எடுத்து முத்தம் கொடுத்து, என் கண் முன்னாலேயே குகைக்குள் வைத்தார். நான் பார்க்காத மாதிரி மார்க் தாளைத் திருப்பினேன்.

"யாருப்பா மலை பண்ணது?" என்று டீனா கேட்டாள். "உனக்கு இவ்ளோல்லாம் வராதே."

மதலைமுத்து போனைப் பிரதர் பக்கம் திருப்பினார். "இவர்தாம்மா. உன்ன மாதிரிதான், ஊரவிட்டு வந்தவரு. நம்ம வீட்டுக்கு அவரா வந்தாரு."

டீனா இங்கிலீஷுக்கு மாறினாள். "பிரதர், இன்னைக்கு காலையிலேந்து இங்க பேஷன்ட்டுக்கு ஊசி போடறேன், மனசு மட்டும் அங்கேயே இருக்கு. அப்பா தனியா உக்காந்து பேப்பரைக் கிழிச்சிட்டிருப்பாருன்னு நெனச்சு ரெண்டு தடவை அழுதுட்டேன். தேங்க்யூ." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வருஷமும் நீங்க இருப்பீங்கல்ல?"

பிரதர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவருடைய லெட்டரைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "தெரியல சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

விதி விதிதான். மற்ற எட்டு வீட்டுக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்த வீட்டுப் பெயருக்கு நேராக 'போட்டியில் சேர்க்கவில்லை' என்று எழுதினேன். மதலைமுத்து "ஆய்த்து மிஸ், அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு ரோஸ் குக்கீஸ் தட்டை நீட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது பரிசு அல்ல, மகள் முகத்தில் அந்தச் சிரிப்பு. அது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பிரதர் நான் எழுதியதைப் பார்த்துவிட்டார்.

படி இறங்கும்போது அவர் பேசினார். "உதவி பண்ணப் போய் அவங்களைத் தோக்க வெச்சுட்டேன். இதுகூட எனக்குச் சரியா வரல. எங்க அப்பாவும் இந்த வருஷம் தனியாத்தான் மலை கட்டியிருப்பாரு. அவருக்கு யாரு கசக்கிக் குடுத்தாங்களோ. நான் வீட்டுக்குப் போறதுதான் சரி மிஸ்."

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பழக்கமில்லாத வார்த்தை என்பதால் வெளியே வரவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். முதல் பரிசு டிரேவருக்கு என்று அறிவித்தேன். அதோடு இறங்கி வந்திருக்கலாம். இறங்கவில்லை. ஒரு குடிலைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன் என்றும், அதைச் செய்த கை நடுவருடைய கை என்றும், யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது என்று நான் செய்த அதிபுத்திசாலித்தனத்தால் வந்த வினை அது என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நான் பாத்த குடில்லயே அதுதான் அழகு. போய்ப் பாருங்க. ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாள் வரைக்கும் இருக்கும்" என்றேன். மௌரீன் மிஸ் மைக்கில் தன் தப்பை ஒத்துக்கொண்டதைக் கேட்டு ஜனங்கள் சிரித்த சிரிப்பில் பங்குச்சாமியும் சேர்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அந்தச் சந்தில் நடக்க இடமில்லை. படியில் வரிசை நின்றது. ஈஸ்டர் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தெருக்காரர்களும் ஒரே படியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், வேறு வழியில்லை, படி அவ்வளவு குறுகல். வெளியூர்களிலிருந்துகூடக் காரில் ஆள் வந்தது. ஜோவிதா தையல் மெஷினை மூடிவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டாள்.

இருபத்தாறாம் தேதி டிரேவரும் மலையைப் பார்க்கப் போனான், பிரதர் அங்கேதான் இருந்தார். சண்டைக்குப் போகிறானோ என்று நானும் பின்னாலேயே போனேன். அவன் மலைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, காகிதத்தை விரலால் தடவிப் பார்த்து, "பிரதர், திஸ் இஸ் அன்ஃபேர்" என்றான். பிறகு, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். பரிசு வாங்கிய தெர்மகோல் மலையை அன்றைக்கே பிய்த்து எறிந்துவிட்டான். ராஜாக்கள் வருவதற்குள் புது மலை வேண்டுமாம்.

அதற்குப் பிறகு பிரதர் என் கண்ணிலேயே படவில்லை. டிரேவர் வீட்டில் இருப்பார், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சாப்பாட்டுக்கு நான் ஆள்விட்டுத் தேட வேண்டியிருந்தது. ஒரு நாள் நானே தேடிப் போனபோது, ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து காகிதம் கசக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிரதர், "கசக்கு, நல்லா கசக்கு, பயப்படாத" என்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார். மரியாதை வைத்துப் பேச அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிரேவர் பவ்யமாகக் கசக்கினான். வாழ்நாளில் நான் பார்த்த இனிமையான காட்சிகளில் அது ஒன்று.

ஆனால் லெட்டர் அப்படியேதான் இருந்தது. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் என்றே எழுதுகிறேன். நடுவர் வேலைக்காக வீட்டுக்குள் விட்ட பிள்ளை, இரண்டே வாரத்தில் போய்விடுவாரே என்று மனது அடித்துக்கொண்டது.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் ஒரு டப்பா குல்குல்லைக் கட்டிக்கொண்டு நானும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். ஆனேக்கல் பஸ் நின்றிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்," என்றார் பிரதர், "அடுத்த வருஷத்துக்கு வேற நடுவரைப் பாத்துக்குங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தெரியும்" என்றேன். "எப்ப டிக்கெட்?"

"டிக்கெட் இல்ல. நேத்து போன்ல சுப்பீரியர்கிட்ட பேசிட்டேன். அந்த லெட்டரைக் கிழிச்சுடுங்கன்னு சொன்னேன். ஏன், என்னாச்சுன்னு கேட்டார். அடுத்த வருஷம் எனக்கு இங்க வேலை இருக்குன்னேன்."

அவர் தொடர்ந்தார்.

"எங்க அப்பாவுக்கு மலையோட போட்டோ அனுப்பினேன். வீட்டுக்கு வரேன்னு சொல்லலாம்னுதான் போன் பண்ணேன். அவர் என்னைப் பேசவே விடல. மலை எடப்பக்கம் சாயுது, அடுத்த வருஷம் அங்க கம்பி கூடப் போடுன்னு அரை மணி நேரம் திட்டினாரு." சிரித்தார். "நான் இங்கதான் இருப்பேன்னு அவருக்குச் சந்தேகமே இல்ல மிஸ். எனக்குத்தான் இருந்துச்சு."

பிறகு ஸ்வெட்டருக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் குடில் போட்டியின் விண்ணப்பம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு. 'குடில் செய்யும் வீட்டார் பெயர்கள்' என்ற இடத்தில் மதலைமுத்துவின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தாக. மதலைமுத்து. ஜோவிதா. சிஸ்டர் டீனா. நாலாவதாக, துவான்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். பிரதர் டப்பாவை வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். டிசம்பர் முதல் தேதிக்கு முன்னால் எந்த விண்ணப்பத்தையும் வாங்கக் கூடாது என்பது நானே எழுதிய இரண்டாம் விதி. விண்ணப்பத்தை மடித்து என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.